பழைய காரில் ஹீட்டர் சரியாகச் சூடாகவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

டிசம்பர் வந்தால் ஊட்டியில் நீர்ப்பனி போய் உறைபனி விழத் தொடங்கிவிடும். தலைக்குந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்வெளியெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். வெளியே நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் படிந்ததைச் சுரண்டி எடுத்த பிறகுதான் கிளம்பவே முடியும். காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே பலருக்கு அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. நாபைச் சிவப்புப் பக்கம் கடைசிவரை திருப்பினாலும் லேசான வெதுவெதுப்பு மட்டும் வரும், அல்லது அதுவும் வராது. "டேஷ்போர்டை இறக்கி ஹீட்டர் காயிலை மாத்தணும் சார்" என்று யாராவது உடனே சொல்லிவிடுவார்கள்.

அதற்குள் தலையாட்டிவிடாதீர்கள். டேஷ்போர்டை இறக்கி ஏற்றுவது பெரிய வேலை. ஏற்றிய பிறகு எங்கோ ஒரு கிளிப் கடகடத்துக்கொண்டே இருக்கும், அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மலையில் ஓடுகிற 15, 20 வருடத்து வண்டிகளில் சூடு குறைய முக்கால்வாசிக் காரணங்கள் பானெட்டுக்கு அடியில்தான் இருக்கின்றன. என்னைக் கேட்டால் முதல் சந்தேகம் காயில் மேல் வரக் கூடாது, என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடிவைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு மேல்தான் வர வேண்டும்.

மாருதி 800, ஜென், பழைய ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா மாதிரி, நாப் அல்லது லீவரைத் திருப்பினால் கேபிள் இழுத்து இயங்குகிற ஹீட்டரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள வண்டியில் கேபிளுக்குப் பதில் சின்ன மோட்டார் இருக்கும். தண்ணீர் ஓடும் வழி ஒன்றுதான். ஏசி இல்லாத சில அடிப்படை மாடல்களில் ஹீட்டரே கொடுத்திருக்க மாட்டார்கள், அதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது

கார் ஹீட்டருக்கென்று தனி நெருப்போ கரண்ட் காயிலோ கிடையாது. என்ஜினைச் சுற்றி ஓடிச் சூடான தண்ணீரில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. இதைத்தான் ஹீட்டர் காயில் என்கிறோம். புளோயர் அதன் வழியே காற்றை ஊதுகிறது. ஆகவே என்ஜின் சூடாக வேண்டும், அந்தச் சூட்டைத் தண்ணீர் காயில் வரை கொண்டுபோக வேண்டும், காற்று காயில் வழியாகப் போக வேண்டும். இந்த மூன்றில் எது அறுந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் தண்ணீர்

காலையில் என்ஜின் முழுக்க ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம், கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீர் கழுத்து வரை நிற்க வேண்டும். ரிசர்வ் டேங்கை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. அதில் நிறைய இருந்தும் ரேடியேட்டர் காலியாக இருப்பதுண்டு. என்ஜின் ஆறும்போது டேங்கில் இருப்பதை ரேடியேட்டர் உறிஞ்ச வேண்டும். மூடியின் ரப்பர் இற்றுப்போயிருந்தாலோ, இரண்டையும் இணைக்கும் மெல்லிய ட்யூபில் விரிசல் இருந்தாலோ அது காற்றைத்தான் உறிஞ்சும். பல வண்டிகளில் ஹீட்டர் காயில் உயரமான இடத்தில் இருப்பதால், தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் காய்வது அதுதான்.

நிறத்தையும் கவனியுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று தெளிவாக இருந்தால் கூலண்ட். டீ நிறத்தில் கலங்கி இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே துரு. கீழே வரும் அறிகுறிகளில் பாதி அந்த டீத்தண்ணீரால்தான்.

அறிகுறி: டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வருவதே இல்லை, அல்லது இறக்கத்தில் கீழே விழுகிறது

மலை வண்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஏற்றத்தில் ஹீட்டர் நன்றாக இருக்கும். இறங்க ஆரம்பித்தால் சூடு போய்விடும். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் இறங்கும்போது காலை ஆக்ஸிலரேட்டரில் வைக்கவே மாட்டோம். இன்ஜெக்‌ஷன் என்ஜின் அந்த நேரத்தில் பெட்ரோலையே நிறுத்திவிடும், புதிதாகச் சூடு பிறக்காது. தெர்மோஸ்டாட் நல்லபடி இருந்தால் ரேடியேட்டர் பக்கம் வழியை மூடி, இருக்கிற சூட்டை என்ஜினுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டாலோ, இல்லவே இல்லை என்றாலோ, சூடு முழுக்க ரேடியேட்டர் வழியே மலைக்காற்றில் கரைந்துவிடும்.

இல்லாமல் எப்படிப் போகும்? சமவெளியில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் அது ரொம்ப சகஜம். கோடையில் வண்டி ஒருமுறை கொதித்திருக்கும். "வால்வைக் கழட்டிட்டா இனிமே சூடே ஆகாது சார்" என்று சொல்லி எடுத்துப் போட்டிருப்பார்கள். சென்னை வெயிலில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் கெடுதல் அங்கேயும் நடந்துகொண்டுதான் இருக்கும். என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து என்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும், மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரம் சேரும். சில என்ஜின்களில் சூடான பிறகு பைபாஸ் வழியை அடைப்பதும் இதே வால்வுதான். அங்கே அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி, வண்டி முன்பைவிட மோசமாகக் கொதிக்கும். வால்வைக் கழற்றுவது வைத்தியமே இல்லை. கொதித்ததற்கான காரணத்தைத் தேடச் சோம்பல்பட்டுச் செய்கிற வேலை அது.

சோதிப்பது சுலபம். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். கை, சட்டை, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஃபேன் தானாகவே சுற்றத் தொடங்கும், அதையும் மறக்க வேண்டாம். நல்ல வால்வு என்றால் முள் ஏறிக்கொண்டிருக்கும்போதும் ஹோஸ் சில்லென்றே இருக்கும், அப்புறம் சட்டென்று சூடாகும். முதல் நிமிடத்திலிருந்தே ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் வால்வு மூடவில்லை என்று பொருள். சில என்ஜின்களில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அங்கே கீழ் ஹோஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. ரேடியேட்டர் முன்னால் பாதிக்கு ஒரு அட்டையைச் செருகி சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். ஹீட்டர் உயிர் பெற்றால் குற்றவாளி உறுதி. அட்டையை அப்படியே விட்டுவிட வேண்டாம். மலைப்பாதையில் பர்லியாரிலிருந்து ஏறும்போது வண்டி கொதித்துவிடும்.

வால்வைக் கழற்றினால் அதன் உடம்பில் 82 அல்லது 88 என்று ஒரு எண் பொறித்திருக்கும், திறக்கத் தொடங்கும் வெப்பநிலை அது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். ஆறிய நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. இதில் மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். முழுதாகத் திறக்க வால்வுக்குப் பொதுவாக இன்னும் சில டிகிரி தேவை. ஆகவே 88 டிகிரி வால்வு கொதிநீரில் அரைகுறையாகத் திறந்தால் அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நமக்கு வேண்டியது அது ஆறும்போது முழுதாக மூடுகிறதா என்பதுதான்.

அதே உயரக் கணக்குதான் ரேடியேட்டர் மூடிக்கும். மூடி அழுத்தம் பிடிப்பதால்தான் தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி தளர்ந்திருந்தால் சென்னையில் தப்பிக்கிற வண்டி இங்கே கொதிக்கும். புது வால்வு போடும்போது மூடியையும் மாற்றிவிடுவது என் வழக்கம், இரண்டுமே பெரிய செலவு இல்லை. வால்வில் குண்டூசி மாதிரி ஆடுகிற சின்னப் பின் இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி வையுங்கள், காற்று வெளியேற வேண்டிய வழி அதுதான்.

வால்வு நன்றாக இருந்தும் முள் ஏறவில்லையா? ஃபேனைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் சுற்றினால் யாரோ அதை 'டைரக்ட்' கொடுத்திருக்கிறார்கள், அதாவது சுவிட்ச் போனதும் புதிது வாங்காமல் வயரை நேராக இணைத்துவிட்டார்கள். ஏசி போட்டிருந்தாலும் ஃபேன் ஓடும், அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: முள் நடுவில் நிற்கிறது, ஆனால் காற்று சூடாக இல்லை

இப்போது என்ஜின் மேல் பழி இல்லை. தடை நடுவழியில் இருக்கிறது. பானெட்டைத் திறந்து, என்ஜினுக்குப் பின்னால் கேபின் தடுப்புச் சுவருக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் ஒரு துணியை வைத்துத் தொட்டுப் பாருங்கள். நாப் முழுச் சூட்டில் இருக்கட்டும்.

இரண்டுமே கை வைக்க முடியாத சூடு என்றால் தண்ணீர் ஒழுங்காகப் போய்வருகிறது. காற்றைத் திருப்பிவிடும் உள் கதவுதான் வேலை செய்யவில்லை. நாபைத் திருப்பும்போது கை உணர்வதைக் கவனியுங்கள். வழக்கத்தைவிட லேசாகச் சுற்றினால் கேபிள் முனை கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். பாறையாக நின்றால் கேபிள் துருப்பிடித்திருக்கும். டிரைவரின் இடது முழங்காலுக்குப் பக்கத்திலோ, பக்கத்து சீட்டின் கால்மாட்டிலோ டார்ச் அடித்துப் பார்த்தால் ஹீட்டர் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கை தெரியும். இன்னொருவரை நாபைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள், அந்தக் கை கூடவே அசைய வேண்டும். அசையாவிட்டால் விரலால் தள்ளிப் பாருங்கள். காற்று சூடானால் ஒரு கிளிப்போடு வேலை முடிந்தது. காற்றுத் துவாரத்திலிருந்து கறுப்பாகப் பஞ்சுத் தூள் பறக்கிறதா? கதவின் ஓரத்து ஸ்பாஞ்ச் பொடிந்துவிட்டது. கதவு மூடினாலும் இடுக்கு வழியே குளிர்காற்று கலந்துகொண்டே இருக்கும். இதற்கு மட்டும் பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஒரு ஹோஸ் சூடாக, மற்றது ஆறிப்போய் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்த் திரும்பி வரவில்லை. வழியில் தண்ணீர் வால்வு உள்ள வண்டியா என்று முதலில் பாருங்கள். மாருதி 800-ல் நாப் அசைப்பது இந்த வால்வைத்தான். சமவெளியில் பத்து வருடம் யாரும் ஹீட்டரைத் தொட்டிருக்க மாட்டார்கள். வால்வு மூடிய நிலையிலேயே இறுகிப்போய், அதன் பின்னால் தேங்கிய தண்ணீர் துருச் சேறாகியிருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு வால்வின் கையை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள், பலம் காட்டினால் உடையும். வால்வு சரி என்றால் காயில் அடைத்திருக்கிறது. அதைக் கழுவும் முறையைக் கீழே சொல்கிறேன்.

இரண்டு ஹோஸுமே குளிர்ந்திருந்தால் தண்ணீர் குறைவு, ஏர் லாக் (உள்ளே காற்று மாட்டி வழியை அடைப்பது), அல்லது காயிலை விட்டுச் சுற்றிவிட்ட பைபாஸ். கடைசியில் சொன்னதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஹீட்டருக்குப் போக வேண்டிய ஹோஸ், என்ஜின் பக்கமே வளைந்து திரும்பி இன்னொரு வாய்க்குப் போயிருக்கும். தடுப்புச் சுவரில் காயிலின் இரண்டு பைப்புகள் அநாதையாக நீட்டிக்கொண்டிருக்கும். என்றைக்கோ காயில் ஒழுகியிருக்கிறது, சரி செய்யாமல் சுற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படியென்றால் காயில் மாற்றச் சொன்னவர் சொன்னது சரிதான், டேஷ்போர்டு இறங்கத்தான் வேண்டும்.

அறிகுறி: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சூடு, சிக்னலில் நின்றால் குளிர்

தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

காற்றை வெளியேற்ற மலை ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆறிய வண்டியை மூக்கு மேல்நோக்கி ஒரு சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மூடியைத் திறந்து, ஹீட்டர் நாபை முழுச் சூட்டில் வைத்து, ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். குமிழி வர வர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸ் சூடாகி, குமிழி நின்றதும் மூடியைப் போடலாம். தண்ணீர் பொங்க ஆரம்பித்தால் தள்ளி நின்றுகொள்ளுங்கள். சில என்ஜின்களில் காற்று விட தனி ஸ்க்ரூ இருக்கும். இருந்தால் அதைத் தளர்த்துவதே மேல். இதை மூடிய ஷெட்டுக்குள் செய்யவே கூடாது. குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு வண்டியை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும்.

ஒருமுறை காற்றை எடுத்தும் சில நாளில் திரும்ப வந்தால் எங்கோ ஒழுகுகிறது, இல்லையென்றால் என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும், ரேடியேட்டர் வாயில் நிற்காமல் குமிழி வந்தாலும் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் கொஞ்சம் ஒட்டியிருப்பதை மட்டும் வைத்துப் பயந்துவிட வேண்டாம். குளிர் ஊரில் பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் அப்படிச் சேர்வது வழக்கம். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்தால்தான் விபரீதம்.

தண்ணீர் நிறைய இருக்கிறது, காற்றும் இல்லை, ஆனாலும் ஐட்லிங்கில் சூடு வரவில்லை என்றால் மிச்சம் வாட்டர் பம்ப். வருடக்கணக்கில் வெறும் தண்ணீர் ஓடிய என்ஜினில் பம்பின் இறக்கைகள் அரித்துத் தேய்ந்திருக்கும். பம்பை மாற்றுவதற்கு முன், காயில் பாதி அடைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், கழுவிப் பார்த்துவிடுங்கள்.

காயிலைக் கழுவுவது

ஆறிய வண்டியில் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் கிளாம்ப் தளர்த்திக் கழற்றுங்கள். ஒட்டிப்போயிருந்தால் இழுக்காதீர்கள், காயிலின் பைப் வளைந்தால் கதை முடிந்தது. ரப்பரைப் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். தோட்டத்து ட்யூபை, தண்ணீர் வெளியேறும் பைப்பில் வைத்து, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் மெதுவாக விடுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்போ கம்ப்ரஸரோ கூடாது, பழைய காயில் தாங்காது. முதலில் செங்கல் நிறத்தில் வரும், அப்புறம் செதில் செதிலாகத் துரு வரும். திசையை மாற்றி மாற்றி, தெளிவாக வரும்வரை விடுங்கள். சிலர் ஆசிட் ஊற்றச் சொல்வார்கள். காயில் அலுமினியமாக இருந்தால் துருவோடு காயிலும் கரைந்துவிடும், வேண்டாம்.

டீத்தண்ணீரோடு மஞ்சள் நிறத்தில் களிம்பு வந்தால், என்றோ ரேடியேட்டர் ஒழுக்கை நிறுத்த மஞ்சள்தூள் போட்டிருக்கிறார்கள். நடுவழியில் மாட்டிக்கொண்ட லாரி டிரைவருக்கு அது கைகொடுக்கலாம், ஊர் போய்ச் சேரலாம். ஆனால் அதன்பின் யாரும் கழுவி எடுப்பதில்லை. வண்டியிலேயே மெல்லிய குழாய்கள் ஹீட்டர் காயிலில்தான் இருக்கின்றன, தூள் போய்த் தங்குவதும் அங்கேதான். கடையில் விற்கும் ஒழுக்கடைப்புத் தூளுக்கும் இதே கதிதான்.

திரும்ப நிரப்பும்போது கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி, அல்லது கலந்தே வரும் ரெடிமேட் கூலண்ட். இங்கே இது உறைந்துபோகும் பயத்துக்காக மட்டும் இல்லை, துருப்பிடிக்காமல் இருப்பதற்காக. பழையதும் புதியதும் ஒரே நிறம் என்பதை நம்பிக் கலக்காதீர்கள். நிறம் கம்பெனி சேர்க்கும் சாயம்தான். வகை பொருந்தாவிட்டால் கூழாகிவிடும்.

அறிகுறி: சூடு இருக்கிறது, காற்றுதான் வரவில்லை

புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால் அதன் ஸ்பீடைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. எல்லா ஸ்பீடிலும் சத்தம் வந்து காற்று மட்டும் குறைவாக இருந்தால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். ஃபில்டரே இல்லாத பழைய வண்டிகளில் ஏசியின் கூலிங் காயில் கம்பளி போர்த்தியது போல் தூசியில் மூடியிருக்கும். ஹீட்டருக்குப் போகும் காற்றும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜல்லடையில் சில்வர் ஓக் இலை, யூகலிப்டஸ் இலை அடைத்திருப்பதையும் அள்ளிவிடுங்கள்.

அறிகுறி: கண்ணாடி உள்பக்கம் மங்குகிறது, கால்மாட்டில் ஈரம்

ஹீட்டர் போட்டதும் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படலம், இனிப்பான ஒரு வாசனை, பக்கத்து சீட்டின் கால்மிதிக்கு அடியில் ஈரம், ரேடியேட்டரில் தினம் கொஞ்சம் குறைவது — இத்தனையும் சேர்ந்து வந்தால் காயில் ஒழுகுகிறது. அந்த இனிப்பு எத்திலீன் கிளைக்கால், விஷம். நாய் நக்க விடாதீர்கள். வெறும் தண்ணீர் ஓடும் வண்டியில் வாசனை இருக்காது, ஈரம் மட்டுமே துப்பு.

ஈரமோ வாசனையோ இல்லாமல் மங்கல் மட்டும் என்றால் அது நம் மூச்சுக்காற்றுதான். வெளிக்காற்றை மூடி உள்காற்றையே சுழலவிட்டால் சீக்கிரம் சூடாகும், ஆனால் கண்ணாடி மங்கிவிடும். வெளிக்காற்றைத் திறந்து, ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். குளிரில் ஏசியா என்று வீட்டில் கேட்பார்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கிறது, ஹீட்டர் அதைச் சூடாக்குகிறது. கண்ணாடி சீக்கிரம் தெளியும்.

டீசல் வண்டி என்றால்

டீசல் என்ஜின் ஐட்லிங்கில் மிகக் குறைவாகவே சூட்டை வீணாக்கும், அதனால் நமக்கும் குறைவாகவே கிடைக்கும். காலையில் வாசலில் நிறுத்தி நெடுநேரம் ஓடவிட்டாலும் பெரிதாகப் பயன் இல்லை. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள், முள் ஏற ஆரம்பிக்கும்வரை புளோயரைப் போடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகும் சூடு வரவில்லை என்றால் மேலே சொன்ன தெர்மோஸ்டாட் சோதனைக்குப் போங்கள்.

எதைச் சரிசெய்திருந்தாலும் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டு, புளோயரை இரண்டில் வைத்து, நடுத் துவாரத்தில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். 50 டிகிரியைத் தாண்டினால் ஹீட்டர் ஆரோக்கியமாக இருக்கிறது. மறுநாள் காலை என்ஜின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தை மறுபடி பாருங்கள். மிச்சம் மாட்டியிருந்த காற்று இரவில் வெளியேறிக் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள். அதற்கு அடுத்த நாளும் இறங்கினால் ஒழுக்கைத் தேட வேண்டும்.